கவர் செய்த வேலைகள்

காந்தலூர் பலசரக்குக் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு, அரைக் கிலோ உளுந்து, ஒரு சோப்பு வாங்கிவிட்டு நிற்கும் பெண்ணிடம் கடைக்காரர் சொல்கிறார்: "கவர் கிடையாதுங்க அக்கா, பை இருந்தா குடுங்க." அவர் தலைக்கு மேலே ஷாம்பு சாஷேக்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பக்கத்தில் சிப்ஸ், பிஸ்கட், மிக்சர். பருப்பு வந்ததும் பிளாஸ்டிக் உறையில்தான், குளிர்பெட்டியில் இருக்கும் பாலும் அப்படித்தான். இத்தனையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிற கவர் மட்டும் கூடாதாம். இது என்ன நியாயம் என்று அந்தப் பெண் கேட்டால் அதில் தவறே இல்லை. அடுத்து அவர் மனத்தில் எழும் கேள்வி இன்னும் முக்கியமானது: இத்தனை வருஷம் இனாமாகக் கிடைத்தது நின்றுபோனதால் என் வீட்டுக்கு என்ன செலவு?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மலைக் கிராமமான காந்தலூரில் இந்தக் கேள்விகளுக்குக் கூடுதல் சுவை உண்டு. சாமான் வாங்க மறையூருக்கும் இறங்கலாம், சின்னார் காட்டைத் தாண்டித் தமிழ்நாட்டு உடுமலைப்பேட்டைக்கும் போகலாம். தமிழ்நாட்டில் கவருக்குத் தடை 2019 ஜனவரி 1 அன்று வந்தது. கேரளத்தில் 2020 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. நடுவில் ஓராண்டு முழுக்க, ஒரே கவர் சின்னார் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் செல்லும், அந்தப் பக்கம் செல்லாது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்கும் சேர்த்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் சில பிளாஸ்டிக் பொருள்களுக்கு ஒன்றிய அரசின் தடையும் வந்தது.

இரண்டு மதிப்பெண்

ஒன்றிய அரசின் பட்டியல் குருட்டாம்போக்கில் போடப்பட்டதல்ல. நிபுணர் குழு ஒன்று ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மதிப்பெண் போட்டது. ஒன்று பயன்பாட்டுக்கு: சுகாதாரத்துக்கு உதவுகிறதா, அது இல்லாமல் முடியுமா, எத்தனை பேர் பிழைப்பு அதில் இருக்கிறது? மற்றொன்று கேட்டுக்கு: திரும்பச் சேகரிக்க முடியுமா, மறுசுழற்சிக்குப் போகுமா, மாற்று உண்டா, தெருவில் சிதறுமா? பயன் குறைவு, கேடு அதிகம் என்று வந்தவை தடைப்பட்டன. காது குடையும் பட்ஸின் பிளாஸ்டிக் குச்சி, பலூன் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, ஸ்ட்ரா, பிளாஸ்டிக் தட்டு, தம்ளர், ஸ்பூன், இனிப்புப் பெட்டிமேல் சுற்றும் மெல்லிய தாள் எல்லாம் அப்படி விழுந்தவை.

சிப்ஸ் உறையும் சாஷேயும் இந்தக் கணக்கில் தப்பின. அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர் தலையில் வைக்கப்பட்டது. கேரிபேக்குக்கு ஒன்றிய அரசு வேறு வழி எடுத்தது: 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் தடிமனாவது இருக்க வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தடித்த பைக்கு விலை அதிகம், கடைக்காரர் இனாமாகத் தரமாட்டார். கனமாக இருப்பதால் குப்பை பொறுக்குகிறவர்களுக்கும் அதை எடுத்தால் கட்டுப்படியாகும். இவையே அந்த விதியின் பின்னுள்ள யோசனை. தமிழ்நாடும் கேரளமும் அதற்கு முன்பே தடிமன் பார்க்காமல் கேரிபேக்கைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டன.

முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கு அடுக்களைக்குள் போக வேண்டும். கவருக்குப் பயன் மதிப்பெண் போடுகிறவர் கண்ணில் அது கடையிலிருந்து வீடுவரை வருவது மட்டும்தான் படும். வீட்டுக்குள் வந்தபிறகு அது என்னென்ன செய்தது என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

மெல்லிசாக இருந்தும் கிழியாதது ஏன்?

பெரும்பாலான கவர்கள் பாலிஎத்திலீன். எத்திலீன் என்ற வாயுவின் மூலக்கூறு மிகச் சிறியது. இரண்டு கரி அணு, நான்கு ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். இதை ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்தால் நீண்ட சங்கிலி கிடைக்கும். இந்தச் சங்கிலிகள் இடியாப்பம்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஓர் இழையைப் பிடித்து இழுத்தால் பக்கத்து இழைகளும் சேர்ந்து தாங்கும். அதனால்தான் ஐந்தாறு கிராம் எடையுள்ள பை ஐந்து கிலோ அரிசியைச் சுமக்கிறது.

இந்தச் சங்கிலிக்கும் தண்ணீருக்கும் ஒட்டாது. ஆகவே பை நனையாது, ஈரத்தை உள்ளேயும் விடாது. நுண்ணுயிர்களின் நொதிகளுக்கும் இதில் பிடிகிடைப்பதில்லை, அதனால் மட்காது. வீட்டுக்கு நல்லதாக இருந்த குணமும் ஆற்றுக்குக் கெடுதலான குணமும் ஒன்றேதான். எடை குறைவு என்பதால் கையில் சுமையில்லை, அதே காரணத்தால் காற்றில் பறந்து வேலியில் மாட்டுகிறது.

வீட்டுக்குள் அது செய்த வேலைகளைப் பாருங்கள். மீனும் கோழியும் சொட்டாமல் வந்தது அதில். கருவாட்டு வாசனை மற்ற சாமானில் ஏறாமல் தடுத்தது. குப்பைக் கூடைக்கு உள்ளுறை ஆனது. மழையில் பிள்ளையின் புத்தகம் நனையாமல் காத்தது. பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்ப உதவியது, மிளகாய்ப்பொடியை நமுத்துப்போகாமல் வைத்தது. தடை வந்தபோது மஞ்சப்பை இவற்றில் ஒரு வேலையை மட்டும் ஏற்றுக்கொண்டது. மற்றவற்றுக்கு வீட்டுக்காரர்தான் வழி தேட வேண்டியிருந்தது. செலவு ஒளிந்திருப்பது அங்கே.

பூண்டும் சர்க்கரையும்

காந்தலூருக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் தவறாமல் வாங்குவது இரண்டு: மலைப்பூண்டும் மறையூர்ச் சர்க்கரையும். சர்க்கரை என்று இங்கே சொல்வது கரும்புப்பாலைக் காய்ச்சிக் கையால் உருட்டிய வெல்ல உருண்டையை. இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. சர்க்கரைக்கு 2019இலும், காந்தலூர் வட்டவடைப் பூண்டுக்கு 2022இலும் கிடைத்தது. ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் விற்கும் இந்த இரண்டுக்கும் கட்டிக் கொடுக்கும் விஷயத்தில் ஒத்துவராது.

பூண்டுக்கு உயிர் இருக்கிறது. பறித்துக் காயவைத்தபின்னும் ஒவ்வொரு பல்லும் மூச்சு விடுகிறது. பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவையும் நீராவியையும் கொஞ்சம் சூட்டையும் வெளியே விடுகிறது. கவரில் போட்டு இறுக முடிந்தால் அந்த நீராவிக்குப் போக்கிடம் இல்லை. இரண்டு நாளில் கவரின் உட்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். பிறகு பூஞ்சை பிடிக்கும், இல்லையென்றால் முளைவிடும். பூண்டைத் தாளோடு கட்டித் தொங்கவிடும் பழக்கத்தின் அறிவியல் இதுதான், சுற்றிலும் காற்று ஓட வேண்டும். பூண்டைப் பொறுத்தவரை கவர் போனதில் வாங்குகிறவருக்கு லாபமே. துணிப்பையோ ஓலைக் கூடையோ போதும். கடைகளில் பூண்டு போட்டுத் தரும் வலைப்பையும் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையின் கதை நேர்மாறு. வெல்லத்தில் கரும்புச் சர்க்கரை மட்டுமல்ல, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்திருக்கின்றன. இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் மறையூர்ப் பள்ளத்தாக்கில் மழை குறைவு, உருண்டை கெட்டியாகவே நிற்கும். அதைத் துணிப்பையில் போட்டுக் கொச்சிக்குக் கொண்டுபோனால் கடற்கரைப் புழுக்கத்தில் கசிய ஆரம்பிக்கும், துணியில் பிசுபிசுப்பு ஏறும், எறும்பு மோப்பம் பிடிக்கும். காகிதப் பையும் இங்கே உதவாது, ஈரம் அதனூடே தாராளமாகப் போகும். செய்தித்தாளில் பொதிந்து கொடுப்பது அதைவிட மோசம். அச்சு மையிலுள்ள சேர்மங்கள் உணவில் ஏறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. சர்க்கரைக்குத் தேவை நீராவியைத் தடுக்கும் சுவர். அந்தச் சுவர் கவராக இல்லாவிட்டால் எவர்சில்வர் தூக்காகவோ கண்ணாடி பாட்டிலாகவோ பீங்கான் ஜாடியாகவோ இருக்க வேண்டும்.

இந்த மலையில் விளையும் கேரட்டும் பீன்ஸும் நடுவில் நிற்கின்றன. அவை பூண்டுபோல மூச்சு விடுகின்றன, ஆனால் பூண்டைப்போலக் காய்ந்த தோல் மூடி இல்லாததால் ஈரத்தை வேகமாக இழக்கின்றன. திறந்து வைத்த கேரட் மூன்றாம் நாள் வதங்கி வளையும். ஈரத்துணியில் சுற்றி வைக்கலாம், அல்லது மூடியுள்ள டப்பாவில் போடலாம். வதங்கியதைத் தூக்கிப்போட்டால் அதை விளைவிக்கச் செலவான தண்ணீரும் உரமும் லாரி டீசலும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன. கவர் எதிர்ப்புப் பிரச்சாரம் செய்கிறவர்கள் இந்த இழப்பை அபூர்வமாகத்தான் கணக்கில் சேர்க்கிறார்கள்.

மஞ்சப்பை எத்தனை தடவை உழைக்க வேண்டும்?

ஒரு பொருள் மண்ணிலிருந்து புறப்பட்டுக் குப்பையாக முடியும்வரை ஏற்படுத்தும் பாதிப்புகளைக் கூட்டிப் பார்ப்பதற்கு வாழ்நாள் கணக்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட வாழ்நாள் கணக்கு ஒன்று உண்டு. புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகப் பருத்திப் பை 131 தடவை பயன்பட வேண்டும், காகிதப் பை 3 தடவை பயன்பட வேண்டும். காரணம் பருத்தி விவசாயம். உரம், தண்ணீர், நூற்பு, நெசவு, சாயம் எல்லாமே ஆற்றலை விழுங்குகின்றன. பையின் எடையும் பல மடங்கு.

131 என்பது பயமுறுத்துகிற எண்ணல்ல. வாரம் இரண்டு தடவை கடைக்குப் போகும் வீட்டுக்கு ஒன்றேகால் வருஷம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

வருஷத்துக்கு 100 தடவை கடைக்குப் போகிறோம், ஒரு பை இரண்டு வருஷம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். விலை 10 ரூபாய். தமிழ்நாட்டில் 'மீண்டும் மஞ்சப்பை' இயந்திரத்தில் நாணயம் போட்டு எடுக்கும் பையின் விலையும் அதுவே. மறக்காமல் எடுத்துப்போனால் ஒரே பை 200 தடவை உழைக்கும். ஒரு தடவைக்கு 5 காசு. எந்தக் கவரும் இந்த விலைக்கு வராது.

இப்போது மறதியைச் சேர்ப்போம். பத்துக்கு ஒரு தடவை பையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கடையில் புதுசு வாங்குகிறோம். இரண்டு வருஷத்தில் 20 தடவை மறப்போம். முதல் பையோடு சேர்த்து 21 பை. 200 தடவையை 21ஆல் வகுத்தால் ஒரு பைக்கு ஒன்பதரை தடவைதான் வருகிறது. 131ஐ எட்டிக்கூடப் பார்க்க முடியாது. செலவு 210 ரூபாய், அதாவது 21 மடங்கு. மறதி நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்தால் 3 பை, ஒவ்வொன்றும் 67 தடவை. அப்போதும் 131இல் பாதிதான். அலமாரிக்கு அடியில் மடித்து மடித்துச் சேர்ந்திருக்கும் பைகளை எண்ணிப் பார்த்தால் உங்கள் வீட்டு மறதி விகிதம் தெரிந்துவிடும்.

பழைய வேட்டியிலோ சேலையிலோ தைத்த பைக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அந்தப் பருத்தியின் பாதிப்பு உடுத்தியபோதே கணக்கு தீர்ந்துவிட்டது. பைக்கு ஆகும் புதுச் செலவு நூலும் தையல் கூலியும்தான். உடுமலைப்பேட்டை இருப்பது திருப்பூர் மாவட்டத்தில். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணிக்கு அங்கே பஞ்சமில்லை. புதிதாக நெய்த பையைவிட அந்த வெட்டுத்துணிப் பை எல்லா வகையிலும் மேல் என்பது என் உறுதியான கருத்து.

டென்மார்க் கணக்கில் இல்லாத ஆறு

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட கணக்கில் பருத்திப் பைக்கு 7,100 தடவை என்ற எண் இருக்கிறது. பிளாஸ்டிக்கை ஆதரிப்பவர்கள் அதை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். வாரம் இரண்டு தடவை என்றால் அறுபத்தெட்டு வருஷம். அதே அறிக்கையில் புவி வெப்பமாதலுக்கு மட்டும் 52 தடவை போதும் என்று இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். பல வகைப் பாதிப்புகளில் எது மிக மோசமோ அதை வைத்து வந்தது அந்தப் பெரிய எண். இந்தக் கணக்கில் அந்த மிக மோசமான பாதிப்பு ஓசோன் படலம் தொடர்பானது.

அதைவிடப் பெரிய விடுபடல், தெருவில் சிதறும் குப்பை அந்தக் கணக்கில் இல்லை. டென்மார்க்கில் வீட்டுக்குப்பை பெரும்பாலும் உலைக்குப் போய் எரிந்து வெப்பமாகிறது, அதனால் அவர்களுக்கு அந்த விடுபடல் பெரிதாகத் தெரியாது. காந்தலூரில் சரிவில் எறிந்த கவர் மழைக்குப் பாம்பாற்றில் சேரும். கேரளத்திலிருந்து கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் அது ஒன்று. சின்னார்க் காட்டினூடே இறங்கித் தமிழ்நாட்டில் அமராவதி அணைக்குள் விழுகிறது. அணைக்குக் கீழே உடுமலைப் பக்கத்து வயல்கள். வழியில் யானையும் கடமானும் குடிக்கிற தண்ணீர், முதலை வாழ்கிற மடுக்கள். இந்த ஆற்றைச் சேர்க்காத கணக்கு இந்த ஊருக்கு அரைக் கணக்குத்தான். தடை வேண்டுமா என்ற கேள்விக்கு இங்கே எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எப்படிச் செய்வது, யார் செலவில் செய்வது என்பதில்தான் பேச்சு.

கூடைக்குள் திரும்பி வந்த பிளாஸ்டிக்

கவர் செய்த மற்ற வேலைகளைக் கணக்கில் எடுக்காமல் தடை செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியா நல்ல உதாரணம். அங்கே ஊர் ஊராகத் தடை வந்தபோது கடை விற்பனைப் பதிவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் ரெபெக்கா டெய்லர் 2019இல் தன் முடிவை வெளியிட்டார். தடையால் குறைந்த கடைப் பை சுமார் 1.8 கோடி கிலோ. ஆனால் கூடைக்குப் போடும் குப்பைப் பையின் விற்பனை சுமார் 54 லட்சம் கிலோ கூடிவிட்டது. சின்ன அளவுப் பைகளின் விற்பனை மட்டும் 120 சதவீதம் ஏறியது. நூறு கிலோ குறைத்தால் முப்பது கிலோ வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. இதைப் பைக்கசிவு எனலாம். இனாமாக வந்த உள்ளுறைக்குப் பதில் காசு கொடுத்து, அதைவிடத் தடித்த பிளாஸ்டிக்கை மக்கள் வாங்கினார்கள்.

சமையற்கட்டுக் கழிவைத் தோட்டத்துக் குழியிலோ மாட்டுத் தொட்டியிலோ கொட்டும் காந்தலூர் வீட்டுக்குக் கூடைக்கு உறையே வேண்டாம், அங்கே கசிவு இருக்காது. வாரக்கடைசியில் வந்து நிறையும் ரிசார்ட்டுகளின் அறைக் கூடைகளில் நிச்சயம் இருக்கும்.

மட்கும் என்று எழுதியிருக்கிறதே?

தாவரத்திலிருந்து செய்தது, மட்கும் என்று அச்சிட்ட பைகள் சந்தைக்கு வந்துவிட்டன. விலையும் கூட. எழுதியிருப்பது பொய்யல்ல, ஆனால் நிபந்தனையோடு கூடிய உண்மை. சான்றிதழுக்கான சோதனை 58 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான உரக்குவியலில் நடக்கிறது. பெரிய குவியலில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சூடு உள்ளேயே தங்குவதால் அது சாத்தியம். வீட்டுக் குழி சின்னது, சூடு சுற்றிலும் வெளியேறிவிடும். காந்தலூரோ ஐயாயிரம் அடி உயரத்துக் குளிர் மலை. இங்கே குழியில் போட்ட மட்கும் பையை அடுத்த வருஷம் மண்வெட்டி வெளியே இழுத்துப் போட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். கேரள ஊராட்சிகளின் குப்பை சேகரிப்புக் குழுவான ஹரித கர்ம சேனையின் பெண்கள் வீடு வீடாகச் சேகரிக்கும் பிளாஸ்டிக்கோடு அது கலந்துவிட்டால் கண்ணால் பிரிப்பதும் கடினம், மறுசுழற்சிச் சரக்கும் கெடும். கூடுதல் விலை கொடுத்தவருக்குக் கிடைத்தது மனநிம்மதி மட்டுமே.

வலிக்காத தடைகள்

எல்லாத் தடையும் வலிப்பதில்லை. பட்ஸின் பிளாஸ்டிக் குச்சி காகிதக் குச்சியானது, யாரும் குறை சொல்லவில்லை. ஒரே வேலை செய்த பொருளுக்கு அதே வேலையைச் செய்யும் மாற்று கிடைத்தால் வீட்டுக்குத் தடை வந்ததே தெரியாது. காகித தம்ளர் அப்படியல்ல. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசினால்தான் அது டீயைத் தாங்கும். கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் சோதித்தபோது, சூடான 100 மில்லி பானம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் அதில் சேர்வதைக் கண்டார்கள். கண்ணாடி தம்ளரில் டீ தரும் கடைக்குப் போவதுதான் சுலபமான தீர்வு.

பெண்கள் மாதந்தோறும் வாங்கும் நாப்கினில் கணிசமான பங்கு பிளாஸ்டிக். அதைத் தடை செய்ய எந்த அரசும் துணியவில்லை, துணியவும் கூடாது. எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி ஊராட்சி வேறு வழியில் போனது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாதவிடாய்க் கப்பும் பயிற்சியும் கொடுத்தபின், 2022 ஜனவரியில் அது நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. கப்பின் விலை முதலில் உறுத்தும், பிறகு பல வருஷம் செலவே கிடையாது. அந்த முதல் செலவு கும்பளங்கிப் பெண்கள் தலையில் விழவில்லை. கூலி வேலைக்குப் போகிற பெண்ணின் கையில் ஒரே நேரத்தில் பெருந்தொகை புரளாது. ஷாம்பு சாஷே இந்த நாட்டில் வெற்றி பெற்றதற்கும் அதுவே காரணம். சர்க்கரைக்குத் தூக்கு வாங்கு, கேரட்டுக்கு டப்பா வாங்கு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கவர் அன்றன்றைக்கு இனாமாகத் தந்ததை இப்போது முன்பணமாகக் கட்டச் சொல்கிறோம் என்பதை உணர்ந்து சொல்ல வேண்டும். கேரள ஊராட்சிகளில் ஹரித கர்ம சேனைக்கு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் கட்டணமும் உண்டு. சிப்ஸ் உறையைத் தயாரித்தவரின் பொறுப்பில் ஒரு பங்கை அந்த வீடு சுமக்கிறது.

பத்து ரூபாய் திரும்பி வந்தால்

மறதிக்கு மருந்து உண்டா? நீலகிரியில் 2022 மே மாதம், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தன. காட்டில் உடைந்து யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்குத் திரும்பியது. கேரளத்தில் 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களில் சில மதுக்கடைகள் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் வைப்புத்தொகை வாங்கத் தொடங்கின. கோலி சோடா குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த தலைமுறைக்கு இது புதிதல்ல.

பைக்கும் இதைச் செய்யலாம். மறந்து வந்தவர் 10 ரூபாய் கொடுத்து மஞ்சப்பையை எடுத்துப் போகட்டும், அடுத்த தடவை கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கட்டும். அப்போது அந்தப் பை அலமாரிக்கு அடியில் தூங்காமல் அடுத்தவர் கைக்குப் போகும். மறதி எத்தனை இருந்தாலும் பையின் உழைப்பு 131ஐ நோக்கி ஏறும், வீட்டுச் செலவு 210 ரூபாயிலிருந்து இறங்கும். துவைக்கும் செலவை யார் ஏற்பது என்பதை ஊராட்சி தீர்க்கலாம், குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் குழுக்களுக்கு அது ஒரு வருமானமாகவும் அமையலாம். காந்தலூருக்கென்று மீதமிருக்கும் சிக்கல் எல்லைக்கோடு. உடுமலைப்பேட்டைச் சந்தையில் பணம் கட்டி எடுத்த பையைக் காந்தலூர்க் கடை வாங்கிக்கொள்ளுமா? அதற்கு இரண்டு மாநிலங்களின் பைக்கும் ஒரே அடையாளம் வேண்டும், மாதக் கடைசியில் கணக்கு நேர் செய்துகொள்ள ஓர் ஏற்பாடும் வேண்டும். அமராவதி அணைக்குள் வரும் குப்பை இரண்டு மாநிலங்களின் பிரச்சினை என்பதால், அந்தப் பேச்சைத் தொடங்க மறையூர், காந்தலூர் ஊராட்சிகளுக்கும் உடுமலைப்பேட்டை நகராட்சிக்கும் போதுமான காரணம் இருக்கிறது.